அடி விழாத இடம்

கோலா சிலாங்கூர்
18.1.1984

அன்புள்ள மச்சான் சேதுவுக்கு,

உடையப்பன் எழுதுவது. பொங்கல் முடிந்து இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, மழை வந்தால் முழங்கால் வலியும் வருகிறது. மற்றபடி வாய் நன்றாக இருக்கிறது. என் வீட்டுக்காரி லீலாவதி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். உன் உடம்பு எப்படி, அங்கே குளிர் எப்படி என்று நானும் கேட்டுவைக்கிறேன்.

நீ அனுப்பிய பத்திரிகைத் துண்டு வந்து சேர்ந்தது. வராமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அத்தை அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறது. சுங்கை செம்பிலாங்கிலிருந்து மீன் கொண்டுவரும் ஆ சோங் வரைக்கும் காட்டியாயிற்று. "எம் மவன் வெள்ளக்காரன் ஊருல வெள்ளக்காரனுக்கே கித்தார் சொல்லிக் குடுக்கிறான்லா" என்று சொல்லி அவனிடம் ஒரு மீன் கூடுதலாக வாங்கி வந்தது. அந்த மீனை நானும் சாப்பிட்டேன். தொண்டையில்தான் சரியாக இறங்கவில்லை.

அத்தைக்கு நான்தான் வரிவரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். நர்ஸ் வேலைக்குப் படிக்க வந்தவர், அதை விட்டுவிட்டு இசைக் கல்லூரியில் சேர்ந்தவர், பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்துகிறவர், பிள்ளைகளுக்கு வாசிப்புப் புத்தகம் எழுதியவர், சொந்தமாக இசை அமைத்து மேடை ஏறுகிறவர். எல்லாம் இருக்கிறது. நீலத்தாரகை இசைக்குழுவில் லீட் கித்தார் வாசித்தவன் நான், எனக்குப் பின்னால் நின்று ரிதம் வாசித்தவன் நீ என்பது மட்டும் அதில் எங்குமே இல்லை. முதல் கார்டுக்கு உன் விரல்களைப் பிடித்துக் கித்தார்க் கம்பியில் வைத்தது யார் என்றும் இல்லை. பத்திரிகைக்காரன் கேட்கவில்லையா, நீ சொல்லவில்லையா?

உன் இசை ஒன்றுக்குத் 'தப்பு' என்று பெயர் வைத்திருப்பதாகவும் போட்டிருக்கிறது. பொருத்தமான பெயர்தான்.

இன்னொன்று. மாமா தவறிப்போய் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து சாதம் போடுவதும் மருந்து வாங்குவதும் நான். ஆனால் பாதி நேரம் அது என்னைக் கூப்பிடுவது "சேது" என்றுதான். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மச்சான்,
உடையப்பன்


பிரிஸ்டல்
12.2.1984

அன்பு மச்சான் உடையப்பனுக்கு,

சேது. உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். உனக்கும் லீலாவதிக்கும் பொங்கல் வாழ்த்து, தாமதமாகத்தான். நான் நலம். குளிரில் விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. வெந்நீரில் கையை நனைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறேன்.

பத்திரிகைக்காரரிடம் உன்னைப் பற்றியும் நீலத்தாரகையைப் பற்றியும் சொன்னேன். அவர் சிதாரைப் பற்றித்தான் கேட்டார். என் முகத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாருமே இங்கே சிதாரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ராகம் சொல்லிக்கொடுங்கள் என்று வருகிறார்கள். எனக்கு ராகம் தெரியாது, தோட்டத்துக் கல்யாணங்களில் சினிமாப் பாட்டுக்குக் கார்டு பிடித்த கை இது என்றால் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் எனக்கு உண்மையாகத் தெரிந்தது எது என்று உட்கார்ந்து யோசித்தேன். ஆறாங்கட்டைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், கரகம் இறங்கும்போது ரெங்கசாமி அண்ணன் செட் அடிக்கிற தப்பு. அது ஒன்றுதான் மிஞ்சியது. அதைத்தான் கித்தாரின் பலகையில் தட்டியும் தந்தியில் மீட்டியும் எழுதியிருக்கிறேன். மேடையில் வாசித்து முடித்ததும் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் வந்து, "ஏன் தம்பி, இவ்வளவு நல்லா வாசிச்சுப்போட்டுப் பிழை எண்டு பேர் வைச்சிருக்கிறீர்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் பறைக்கு அதுதான் பெயர் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் அவருடைய பஸ் போய்விட்டது.

இப்போது அது அச்சாகப் போகிறது. இங்கேதான் உன் உதவி வேண்டும். அந்த அடியில் ஓர் இடத்தில் கை ஓங்கும், ஆனால் விழாது. அடிக்காமல் சும்மா விடுவார்கள். ரெங்கசாமி அண்ணன் அதை 'மூச்சு' என்பார். அந்த மூச்சு தாளச் சுற்றின் நடுவில் வருமா, கடைசியில் வருமா? இத்தனை வருஷத்தில் எனக்குக் குழம்பிவிட்டது. ஒரு நாள் நடுவில் என்று தோன்றுகிறது, மறுநாள் கடைசியில். அச்சாகிவிட்டால் என் மாணவர்கள் அப்படியே வாசிப்பார்கள், அவர்களிடம் படிப்பவர்களும் வாசிப்பார்கள். இந்தத் திருவிழாவில் அதை ஒரு கேசட்டில் பதிவு செய்து அனுப்புவாயா? உன்னை விட்டால் எனக்கு இதைக் கேட்க ஆளில்லை.

அம்மாவிடம் அடுத்த வருஷம் வரப் பார்க்கிறேன் என்று சொல்.

அன்புடன்,
சேது


கோலா சிலாங்கூர்
25.3.1984

அன்புள்ள மச்சான்,

நலம், நலமறிய ஆவல். தைலம் வந்தது. அத்தை அதை முழங்காலில் தடவுவதைவிட மோந்து பார்ப்பதுதான் அதிகம்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். விரல் விறைக்கிற இடத்தை விட்டுவிட்டேன், அழும். பத்திரிகைக்காரனிடம் என்னைப் பற்றிச் சொன்னதையும் விட்டுவிட்டேன். "பாத்தியா எம் மவன் மனச" என்று அதற்கும் ஒரு பாட்டு ஆரம்பிக்கும். அடுத்த வருஷம் வருகிறேன் என்பதை மட்டும் சத்தமாக வாசித்தேன். இதை எத்தனையாவது வருஷமாக வாசிக்கிறேன் என்று கேட்காதே.

எனக்கும் வேலை இல்லாமல் இல்லை. பகலில் கிள்ளான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதனை, சனி ஞாயிறு நீலத்தாரகை. போன மாதம் ரவாங்கில் ஒரு கல்யாணம். பத்தாங் காலியில் இன்னொன்று பேசி முடித்திருந்தோம், கடைசியில் அவர்கள் வீடியோக்காரனையும் கேசட்டையும் வைத்து நடத்திக்கொண்டார்கள். டிரம்ஸ் நாகமணி ஷா ஆலம் தொழிற்சாலைக்குப் போய்விட்டான். அதனால் என்ன, ரிதம் பெட்டி ஒன்று இரவல் வாங்கியிருக்கிறோம். அது சம்பளம் கேட்பதில்லை, ஓரமாக நின்று வெள்ளைக்காரன் ஊருக்குப் போகிற கனவும் காண்பதில்லை.

பத்திரிகைப் படத்தில் உன் வலது கையைப் பார்த்தேன். பொம்பளைப் பிள்ளை மாதிரி நகம் வளர்த்திருக்கிறாய். அத்தை கேட்டது, "வெட்டிவிட ஆளில்லையோ புள்ளைக்கு?" கிளாசிக்கல் கித்தார் வாசிக்கிறவர்கள் நகத்தால்தான் மீட்டுவார்கள் என்று நான்தான் உனக்காக வக்காலத்து வாங்கினேன். நாங்கள் இங்கே இரும்புக் கம்பியில் வாசிக்கிறவர்கள். எங்கள் விரலில் நகம் நிற்காது, காய்ப்புதான் நிற்கும்.

திருவிழா மே மாதம். ரெங்கசாமி அண்ணன் இப்போது பத்தாங் காலியில் மகள் வீட்டில் இருக்கிறார், திருவிழாவுக்கு மட்டும் செட்டோடு வருவார். பார்க்கலாம். முடிந்தால் பதிவு செய்கிறேன்.

உடையப்பன்


பிரிஸ்டல்
15.4.1984

அன்பு மச்சான்,

எல்லாரும் சுகம்தானே. நான் சுகம். ஒரே ஒரு விஷயத்துக்காக எழுதுகிறேன். அச்சகத்தில் எனக்காக அந்தப் பக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பதிவு கட்டாயம் வேண்டும். உனக்கு நேரமில்லை என்றால் லீலாவதியிடம் கேசட் ரெக்கார்டரைக் கொடுத்துவிடு, பட்டனை அழுத்தினால் போதும், வேறு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

சேது


கோலா சிலாங்கூர்
10.6.1984

சேது மச்சானுக்கு,

இங்கு யாவரும் நலம். கேசட் இதனுடன் வருகிறது.

லீலாவதியிடம் கொடு, பட்டனை அழுத்தினால் போதும், வேறு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை என்று எழுதியிருந்தாய். ரொம்ப சரி. இருபது வருஷம் கித்தார் வாசித்த எனக்கு இப்போது தெரிய வேண்டியது பட்டன்தான். நீ அங்கே இசை அமைப்பாய், நான் இங்கே பட்டன் அழுத்துவேன். அந்த வரியை ஒரு வாரம் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், ருசி போகவே இல்லை.

திருவிழாவில் ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஒன்றும் சரியாக விழவில்லை. ரெங்கசாமி அண்ணனும் மறுநாள் காலை பஸ்ஸிலேயே போய்விட்டார். பிறகு ஒரு சாயங்காலம், வீட்டுப் பின்பக்கம் ஆள் அரவம் இல்லாத நேரமாகப் பார்த்து, தப்பை நன்றாகக் காய்ச்சி அடித்ததைப் பதிவு செய்திருக்கிறேன். சுத்தமாக விழுந்திருக்கிறது.

கேட்டுக்கொள். இதுதான் கரகத்து அடி. நீ சொன்ன மூச்சும் இல்லை, பேச்சும் இல்லை. முதலிலிருந்து கடைசி வரை அடி நிறைந்துதான் விழுகிறது. தூர தேசத்தில் இருந்தால் மனசு இப்படித்தான் இல்லாததை எல்லாம் கற்பனை செய்துகொள்ளும் போலிருக்கிறது. இதில் உள்ளபடியே எழுதி அச்சுக்குக் கொடு.

உடையப்பன்


பிரிஸ்டல்
5.9.1984

அன்பு மச்சான் உடையப்பனுக்கு,

நீயும் லீலாவதியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் இப்போது எப்படி? எனக்கு ஒரு குறையும் இல்லை. கேசட் கிடைத்து நெடுநாள் ஆகிவிட்டது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. பிறகு பள்ளி விடுமுறைப் பயிற்சி முகாம், மாணவர்களின் தேர்வு என்று நாள் போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே.

கேசட்டைக் கடைசி வரை கேட்டேன். எனக்கு வேண்டியது கிடைத்தது. எழுதி முடித்து அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே, 'கோலா சிலாங்கூர் உடையப்பன் அனுப்பிய அடியிலிருந்து' என்று ஆங்கிலத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். இனி யார் இதை வாசித்தாலும், எந்த ஊர் மேடையிலும், உன் பெயரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நீ ஜனவரியில் கேட்டாயே, அதற்கு இது பதில்.

ஆறாங்கட்டைக் கோயில் தலைவர் உமாபதி அண்ணன் எழுதியிருந்தார். அடுத்த திருவிழாவில் இதை ஒலிபெருக்கியில் போட வேண்டுமாம். நான் வாசித்ததைப் பதிவு செய்து அவருக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
சேது


கோலா சிலாங்கூர்
24.9.1984

அன்புள்ள மச்சான்,

நலம். அத்தையும் நலம். நீயும் நலமாக இரு.

உன் கடிதத்தை வழக்கம்போல் வாசித்துக் காட்டும்போது என் பெயர் அச்சாகிறது என்ற இடத்தில் குரல் எனக்கே வேறு மாதிரி வந்தது. அத்தை, "என்னா, தொண்ட கட்டிக்கிச்சா?" என்று கேட்டது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு முழுக்க பஸ்ஸில் ஒருவரிடமும் சரியாக டிக்கெட் பார்க்கவில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தேன். என் பெயரை எடுத்துவிடு. எனக்கு அதில் எல்லாம் ஆசை கிடையாது. நான் என்ன செய்தேன், பட்டனைத்தானே அழுத்தினேன்? வேண்டுமானால் 'நண்பர் ஒருவர்' என்று போடு. எதுவுமே போடாவிட்டால் இன்னும் நல்லது. திருவிழாவில் போடுவதும் வேண்டாம். தோட்டத்து ஜனங்களுக்குக் கிளாசிக்கல் எங்கே புரியப் போகிறது? வீணாகக் கேலி செய்வார்கள். தயவுசெய்து உடனே பதில் எழுது.

உடையப்பன்


பிரிஸ்டல்
20.11.1984

அன்பு மச்சான்,

நீதானா எழுதியது என்று கையெழுத்தை இரண்டு முறை பார்த்தேன். உனக்கு அடக்கம் இவ்வளவு தாமதமாக வந்திருப்பது எனக்கு ஆச்சரியம். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பெயரை எடுக்க முடியாது, அச்சாகிவிட்டது. ஒரு பிரதி கப்பலில் அனுப்பியிருக்கிறேன். என் மாணவி ஒருத்தி இப்போதே அதை மனப்பாடமாக வாசிக்கிறாள். உன் பெயரை 'யூடி ஆப்பன்' என்கிறாள். நான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

உமாபதி அண்ணனுக்குக் கேசட் போய்ச் சேர்ந்துவிட்டது. உனக்கு மாலை போடப் போகிறார்களாம். ரெங்கசாமி அண்ணனை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று நான் தனியாகக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போ. நடக்க முடியாவிட்டால் டாக்சி வைத்துக்கொள்.

சேது


கோலா சிலாங்கூர்
20.2.1985

சேது,

எல்லாரும் சுகம். புத்தகம் வந்தது. என் பெயரில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. அத்தை அதை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது. நோட்டு வாசிக்க எனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அந்தக் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் நோட்டு வாசிக்கிற ஒருவனை எங்கே போய்த் தேடுவேன்?

மச்சான், உமாபதிக்கு எழுதி அந்தக் கேசட்டை நிறுத்தச் சொல். ஏன் என்று கேட்காதே. ஒலிபெருக்கி சரியில்லை என்று வைத்துக்கொள். ரெங்கசாமி அண்ணன் வயதானவர், முன்வரிசை அவருக்கு வெயில் என்று வைத்துக்கொள். நான் அனுப்பியதில் ஏதாவது ஒன்றை நீ கவனித்தாயா? கவனித்திருந்தால் ஒரு வரி எழுதிவிடு. கவனிக்கவில்லை என்றாலும் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உடையப்பன்


கோலா சிலாங்கூர்
8.5.1985

சேதுவுக்கு,

பதில் போடாத உன்னிடம் சுகம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கேட்டுவிடுகிறேன், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து "நல்லா இருக்கானான்னு கேளு" என்கிறது.

திருவிழா முடிந்தது. உமாபதி அண்ணன் ஒலிபெருக்கியில் உன்னைப் பற்றிப் பேசினார், பிறகு என்னைப் பற்றிப் பேசினார், என் கழுத்தில் மாலையைப் போட்டார். லீலாவதி புதுச்சேலையில் இருந்தாள். அத்தை முதல் வரிசையில், அதற்கு அடுத்த நாற்காலியில் ரெங்கசாமி அண்ணன். கேசட்டைப் போட்டார்கள். ஜனங்கள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், பிறகு பேச்சு நின்றது. கித்தாரில் தப்புச் சத்தம் வருமென்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. நன்றாகத்தான் வாசிக்கிறாய். இதை எழுத எனக்கு எவ்வளவு வயிறு எரிகிறது என்று உனக்குத் தெரியாது.

கரகத்து அடி ஆரம்பித்தது. அந்த இடம் வரப்போகிறது, அடி விழப்போகிறது, ரெங்கசாமி அண்ணன் திரும்பி என்னைப் பார்க்கப் போகிறார். வந்தது. அடி விழவில்லை. சும்மா விட்டிருந்தாய். அடுத்த சுற்றிலும் விட்டாய். அதற்கடுத்ததிலும்.

ரெங்கசாமி அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டார். "விட்டான் பாருய்யா. அந்த எடத்துல விட்டான் பாரு. அதான்லா மூச்சு" என்றார். பிறகு என் தோளைப் பிடித்து, "நல்லா சொல்லிக் குடுத்திருக்கய்யா ஒடையா" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

இப்போது கேள். பின்பக்கத்தில் உட்கார்ந்து அடித்தது நான்தான். மூச்சு எங்கே வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், கடைசியில்தான். வேண்டுமென்றேதான் அந்த இடத்தை அடித்து அடைத்தேன். அது அச்சாக வேண்டும், என்றைக்காவது ஒரு நாள் ரெங்கசாமி அண்ணன் அதைக் கேட்டு, "இந்தப் பயலுக்குத் தப்பு தெரியலய்யா" என்று ஊர் நடுவே சொல்ல வேண்டும், அதை என் காதால் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஒரு சந்தோஷம் போதும் என்றிருந்தேன்.

நீ அதையும் கொடுக்கவில்லை. படிப்பு உனக்கு, மேடை உனக்கு, அத்தையின் வாய் முழுக்க உன் பெயர். கடைசியில் பெருந்தன்மையும் உனக்கேதானா? மாலையைப் போட்டுக்கொண்டு ஒரு கள்ளனைப் போல நின்றேன். என் தப்பையாவது என்னிடம் விட்டிருக்கலாம்.

உடையப்பன்


பிரிஸ்டல்
1.6.1985

அன்பு மச்சான்,

நான் நன்றாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். நீ கோபமாக இருப்பதால் உனக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று தெரிகிறது.

முதல் சுற்றிலேயே அது உன் கை என்று தெரிந்துவிட்டது. ரெங்கசாமி அண்ணனுக்கு அவசரம் கிடையாது. உனக்கு எப்போதுமே காலியிடத்தைக் கண்டால் ஆகாது. நீலத்தாரகையில் பாடகர் மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், அதற்குள் நாலு ஸ்வரத்தைத் திணித்துவிடுவாய். அதனால் இதுவும் பழக்கமா, வேண்டுமென்றே செய்ததா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

ஆனால் பெயரைப் போட்டது பெருந்தன்மையால் இல்லை. மூச்சு நடுவிலா கடைசியிலா என்று எனக்கு உண்மையாகவே தெரியாமல்தான் இருந்தது. உன் கேசட்டில் எல்லா அடியும் ஒரே அளவில் விழுகிறது. கடைசி அடி மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பலமாக விழுகிறது, பொய் சொல்கிறவன் குரலை உயர்த்துகிற மாதிரி. எங்கே அடிக்கக் கூடாது என்பதை நீதான் எனக்குக் காட்டினாய். அடி உன்னிடமிருந்துதான் வந்தது. முதல் பக்கத்தில் இருப்பது பொய் இல்லை.

உன் பிப்ரவரிக் கடிதம் வந்தது. பதில் எழுதாமல் இருந்தது வேண்டுமென்றேதான். நீ கொஞ்சம் தவிக்கட்டும் என்று விட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

தப்பை அடித்து முடித்ததும் நீ பட்டனை அழுத்தி நிறுத்த மறந்துவிட்டாய். அதன்பின் கொஞ்ச நேரம் டேப் ஓடுகிறது. கோழி ஒன்று கத்துகிறது. லோரி ஒன்று போகிறது. அப்புறம் அம்மா உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். "ஒடையப்பா, சோறு ஆறுதுய்யா, வா." நீ பதில் சொல்லவில்லை. இரண்டாவது முறை கூப்பிடுகிறாள், அதட்டலாக. அப்போது நீ, "வர்றேன் அத்த" என்கிறாய், ஏதோ தொல்லை போல.

அந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அதனால்தான் செப்டம்பர் வரை எனக்கு எழுத வரவில்லை. டெலிபோனில் அம்மா என்னிடம் "நல்லா இருக்கியா" என்கிறாள், உடனே "செலவாவும், வையி" என்கிறாள். சாப்பிட வா என்று என்னைக் கூப்பிட்டு எத்தனை வருஷமாயிற்று. உனக்கு அது ஒரு நாளில் இரண்டு வேளை. அதற்குப் பதில் சொல்லக்கூட உனக்குச் சோம்பல். அதையும் வைத்துக்கொண்டு என் நகத்தையும் பத்திரிகைத் துண்டையும் பார்த்துப் பொறாமைப்படுகிறாய். எனக்கு வயிறு எரியாது என்று நினைத்தாயா?

சேது


கோலா சிலாங்கூர்
14.7.1985

அன்புள்ள மச்சான் சேதுவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்கு முழங்கால் பரவாயில்லை. ஜனங்கள் இன்னும் என்னைப் பார்த்தால் "தப்பு மாஸ்டர்" என்கிறார்கள். யாரும் கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இதோடு ஒரு கேசட் வருகிறது. ரெக்கார்டரை அத்தை முன்னால் வைத்து, உனக்கு ஏதாவது பேசு என்றேன். புடவையைச் சரி செய்துகொண்டு போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றது, வாயைத் திறக்கவில்லை. அதனால் மறுநாள் அதற்குத் தெரியாமல் பட்டனை அழுத்தி அலமாரிமேல் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். பட்டன் அழுத்துவதில்தான் நான் கெட்டிக்காரன் ஆகிவிட்டேனே. சோறு போட்டு வைத்த பிறகும் வேண்டுமென்றே போகவில்லை. மூன்று முறை கூப்பிட வைத்தேன். மூன்றாவதில் நல்ல வசவும் இருக்கிறது, கேட்டுக்கொள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கூப்பிட்டது என்னைத்தான். சோறு எனக்குப் போட்டது, ஆறியதும் என் சோறுதான், போய்ச் சாப்பிட்டதும் நான்தான். ஆனால் வாய் வழக்கம்போல் தவறி, மூன்று முறையும் "சேது" என்றுதான் கூப்பிட்டிருக்கிறது.

அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம் என்று பட்டன்மேல் விரலை வைத்தேன். பிறகு அந்தத் தப்பை அப்படியே விட்டுவிட்டேன்.

உன் மச்சான்,
உடையப்பன்